வளைவுப் பிரமிடின் சாய்வு பாதியில் மாறியது மெய்தூம் இடிந்ததாலா? ஸ்னெஃப்ருவின் மூன்று பிரமிடுகள்: அளவும் காரணமும்

அட்டைமாதிரி (கேள்வி)

வணக்கம். எகிப்தின் நான்காம் வம்சத்தைத் தொடங்கிவைத்த ஸ்னெஃப்ரு மன்னர், அதாவது கூஃபுவின் தந்தை, கட்டிய மூன்று பெரிய பிரமிடுகளையும் 1:500 அளவில் அட்டையில் செய்து ஒரே மேசையில் வைக்க வேண்டும். பள்ளிக் கண்காட்சிக்கு. மெய்தூம், தஹ்ஷூரில் உள்ள வளைவுப் பிரமிடு, அதற்குச் சற்று வடக்கே இருக்கும் சிவப்புப் பிரமிடு ஆகிய மூன்றும்.

வளைவுப் பிரமிடில்தான் சிக்கல். அடிப்பக்கம் 188 மீட்டர் என்று ஒரு இடத்தில், 189.4 என்று இன்னொரு இடத்தில். எந்த உயரத்தில் சாய்வு மாறுகிறது என்பதும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

அடுத்தது விளக்கப் பலகை. "மெய்தூம் பிரமிடு கட்டும்போதே இடிந்து விழுந்தது, அந்தப் பயத்தில் பாதி எழும்பியிருந்த தஹ்ஷூர் பிரமிடின் சாய்வைக் குறைத்துவிட்டார்கள்" என்று எழுதலாமா? பல காணொளிகளில் இப்படித்தான் வருகிறது. மூன்றும் சேர்ந்தால் கூஃபுவின் பெரிய பிரமிடை விட அதிகக் கல் என்பது உண்மையா? மன்னரை எதில் அடக்கம் செய்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூல்குண்டு

அளவை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன், காரணத்தை மற்றவர்கள் சொல்லட்டும்.

மீட்டரில் பார்த்தால் குழப்பம்தான். கட்டியவர்களின் அளவில் பாருங்கள். எகிப்திய அரச முழம் ஏறத்தாழ 52.4 செ.மீ. நம் முழத்தை விடப் பெரியது. ஒரு முழத்துக்கு 7 உள்ளங்கை, ஓர் உள்ளங்கைக்கு 4 விரல், ஆக 28 விரல். சாய்வை அவர்கள் டிகிரியில் சொல்லவில்லை. "ஒரு முழம் மேலே போனால் எத்தனை உள்ளங்கை உள்ளே வாங்க வேண்டும்" என்பதுதான் கணக்கு. அதன் பெயர் செகெட். நம் கொத்தனார்கள் தளத்துக்கு வாட்டம் கொடுப்பதற்குச் சொல்லும் கணக்கு மாதிரிதான்: இத்தனை அடிக்கு இத்தனை அங்குலம். மேற்பூச்சுக் கல்லின், அதாவது பிரமிடை வெளியே போர்த்தும் கல்லின், முகத்தைச் செதுக்குகிறவருக்கு இதைவிட வசதியான வழி இல்லை. கல்லின் அடி விளிம்பிலிருந்து ஒரு முழம் நெட்டாக அளந்து, அங்கிருந்து 5 உள்ளங்கை உள்ளே குறி வைத்து, இரண்டு புள்ளியையும் கோடாக இணைத்தால் வெட்ட வேண்டிய முகம் கிடைத்துவிடும்.

மெய்தூம்: அடி 275 முழம், உயரம் 175 முழம், செகெட் ஐந்தரை. மீட்டரில் 144, சுமார் 92, கோணம் 51 டிகிரி 50 கலை (60 கலை ஒரு டிகிரி). கூஃபுவின் பெரிய பிரமிடுக்கும் இதே சாய்வுதான்.

வளைவுப் பிரமிடு: அடி 189.4 மீட்டர், கீழ்ப்பகுதி செகெட் 5, அதாவது 54 டிகிரி 27 கலை. சுமார் 47 மீட்டரில் மாறி அதற்கு மேல் 43 டிகிரி 22 கலை. மொத்த உயரம் 104.7 மீட்டர், சரியாக 200 முழம் அளவு. இந்த நான்கு எண்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, போட்டுப் பாருங்கள். 47 மீட்டர் ஏறும்போது ஒவ்வொரு பக்கமும் 33.6 மீட்டர் உள்ளே வாங்குகிறது. வளைவில் பக்கம் 122 மீட்டர் சொச்சம். அதற்கு மேல் இன்னும் 57.7 மீட்டர். கூட்டினால் 104.7. அடி மூலைகளில் மேற்பூச்சுக் கல் உதிர்ந்துபோனதாலும், முகங்கள் எல்லா இடத்திலும் ஒரே சாய்வில் இல்லாததாலும்தான் அளந்தவர்களுக்குள் ஒரு மீட்டர் வித்தியாசம் வருகிறது. 1:500-இல் அது 2 மில்லிமீட்டர்தான், கவலை வேண்டாம்.

சிவப்புப் பிரமிடு: அடி 220 மீட்டர் அதாவது 420 முழம், உயரம் இதற்கும் ஏறத்தாழ 200 முழம், சாய்வு 43 டிகிரி சொச்சம்.

இனி அட்டை. இதில் எல்லோரும் செய்யும் தவறு, செங்குத்து உயரத்தையே முக்கோணத்தின் உயரமாக வெட்டிவிடுவது. ஒட்டும்போது பிரமிடு தட்டையாகிவிடும், இல்லையென்றால் உச்சியில் விளிம்புகள் சேராது. சாய்ந்த முகத்தின் நீளத்தைத்தான் எடுக்க வேண்டும். வளைவுப் பிரமிடுக்குக் கீழே நான்கு சரிவகம்: அடி 37.9 செ.மீ., மேல் விளிம்பு 24.4, இரண்டுக்கும் இடையே 11.55. மேலே நான்கு முக்கோணம்: அடி 24.4, உயரம் 16.8. சிவப்புப் பிரமிடுக்கு அடி 44, முக்கோண உயரம் 30.4. மெய்தூமை முழுமையாகக் காட்டினால் அடி 28.8, முக்கோண உயரம் 23.3.

ஒரு கூடுதல் செய்தி. செகெட் கணக்கு எழுத்தில் கிடைப்பது ரைண்ட் பாப்பிரஸ் என்ற பழைய எகிப்தியக் கணக்கு ஏட்டில், இந்தப் பிரமிடுகளுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. அதன் 56-ஆம் கணக்கில் அடி 360 முழம், உயரம் 250 முழம், விடை 5 உள்ளங்கையும் இருபத்தைந்தில் ஒரு பங்கும். வளைவுப் பிரமிடின் கீழ்ப்பகுதியோடு இது எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள்.

அடிமண்

சாய்வு மாறியதற்குக் காரணம் தேடி மெய்தூம் வரை போக வேண்டியதில்லை. அந்தப் பிரமிடின் அடியில் இருக்கும் மண்ணே போதும்.

மெய்தூமின் உள்ளே இருக்கும் படிக்கட்டு வடிவ உடலும் கூஃபுவின் பிரமிடும் பாறைமேல் நிற்கின்றன. வளைவுப் பிரமிடு நிற்பது சரளையும் மணலும் களிமண்ணும் கலந்த தரையில். பாரம் ஏற ஏற அந்தத் தரை அமுங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் அமுங்கினாலாவது தப்பிக்கலாம், அப்படி அமுங்காது. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்று இறங்கும்போதுதான் கட்டடம் வெடிக்கிறது.

பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளும் வரிசை இது. முதல் திட்டத்தில் அடி சுமார் 157 மீட்டர், 300 முழம். சாய்வு 60 டிகிரிக்கு அருகில், மிகச் செங்குத்து. பாதி எழும்புவதற்குள் உள்ளே விரிசல் கண்டுவிட்டது. உடனே சுற்றிலும் 15 மீட்டர் கனத்துக்கு ஒரு சுற்றுக்கட்டு கட்டி, அடியை 360 முழமாக்கி, சாய்வை 54 டிகிரிக்கு இறக்கினார்கள். சாய்கிற சுவருக்கு முட்டுக்கொடுப்பது போன்ற யோசனை. ஆனால் அந்தச் சுற்றுக்கட்டும் அதே இளகின தரையில்தான் உட்கார்ந்தது. புதிய கட்டு தன் பாரத்தில் தனியாக இறங்கியது. பழைய உடல் ஏற்கெனவே இறங்கி முடித்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் பிணைப்புக் கல் இல்லை. பழைய வீட்டுச் சுவரோடு புதுச் சுவரைப் பல் விடாமல் ஒட்டிக் கட்டினால் ஒட்டின இடத்தில் நெடுக்காக வெடிக்குமே, அதேதான்.

இதற்கான தடயம் கண்ணால் பார்க்கக் கூடியது. வடக்கு வாசல் வழியே இறங்கும் சரிவுப் பாதையில், வாசலிலிருந்து 12, 13 மீட்டர் உள்ளே, பாதை நான்கு பக்கமும் வெட்டினாற்போல் பிளந்து, தளமும் கூரையும் மட்டம் தப்பி நிற்கின்றன. வெளிக்கட்டு இறங்கியபோது அதனுள் இருந்த பாதைத் துண்டும் சேர்ந்து இறங்கிவிட்டது. சுற்றுக்கட்டின் கனத்தையும் இந்த இடத்தையும் ஒப்பிட்டால் விஷயம் புரிந்துவிடும்.

உள்ளறைகளில் விரிசல்களை ஜிப்சம் சாந்து வைத்து அடைத்திருக்கிறார்கள். அடைத்த சாந்திலும் பிறகு விரிசல் ஓடியிருக்கிறது. அதாவது பூசிய பிறகும் அசைவு நிற்கவில்லை. மேலறையில் லெபனான் கேதுரு மரங்களை முழுத் தடியாகவே சுவருக்குச் சுவர் குறுக்கே இறுக்கியிருக்கிறார்கள். அவை சாரத்துக்கு என்று சிலர் சொல்வார்கள். விரிசல் விட்ட அறையில் எதிர்ச் சுவர்களுக்கு நடுவே இறுக்கிய தடிகள் சுவர் நெருங்காமலிருக்கத்தான் என்பது எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. பழைய மன்னர்களின் ஆண்டுக் குறிப்புகள் உள்ள பலெர்மோ கல்வெட்டில் ஸ்னெஃப்ரு ஆட்சியில் 40 கப்பல் நிறையக் கேதுரு மரம் வந்ததாகப் பதிவு உண்டு, மரத்துக்குப் பஞ்சமில்லை.

இன்னொரு கோளாறு கல் வைத்த விதம். கீழ்ப்பகுதியில் கல் வரிகள் மட்டமாக இல்லை, உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. படிக்கட்டுப் பிரமிடு காலத்துப் பழக்கம் அது. வெளிமுகத்தில் குறைவாகச் செதுக்கினால் போதும், கல் வெளியே வழுக்காது. ஆனால் அந்தச் சாய்வு பாரத்தை நடுவை நோக்கித் தள்ளுகிறது, நடுவில்தான் அறைகள் இருக்கின்றன. வளைவுக்கு மேலே போனதும் வரிகள் மட்டமாகிவிடுகின்றன. கோணமும் கல் வைக்கும் முறையும் சேர்ந்து மாறியிருப்பதால், கட்டியவர்கள் எங்கே நோய் என்று கண்டுகொண்டார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோணத்தைக் குறைத்ததில் எவ்வளவு மிச்சம்? நூல்குண்டு கொடுத்த எண்களிலேயே போடலாம். 54 டிகிரியிலேயே போயிருந்தால் உச்சி 132 மீட்டரைத் தாண்டியிருக்கும். வளைவுக்கு மேல் சுமார் 4.26 லட்சம் கன மீட்டர் வந்திருக்கும். வந்தது 2.87 லட்சம். மிச்சம் ஏறத்தாழ 1.4 லட்சம் கன மீட்டர், 3 லட்சம் டன்னுக்கு மேல். மீதியிருந்த பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு.

மன்னர் சாகப் போகிறார், அவசரமாக முடித்தார்கள் என்ற பழைய விளக்கம் நிற்காது. இதற்குப் பிறகு அவர் சிவப்புப் பிரமிடு முழுவதையும் கட்டியிருக்கிறார்.

மேற்கல்

அடிமண் சொன்னதோடு சேர்த்து மெய்தூம் பற்றி. உங்கள் பலகை வாசகத்தை அப்படியே எழுதாதீர்கள்.

அந்தக் கருத்தை 1970-களில் பரப்பியவர் இயற்பியலாளர் கர்ட் மெண்டல்சன். மெய்தூமைச் சுற்றிக் கிடக்கும் இடிபாட்டு மேட்டைப் பார்த்து, ஒரே நொடியில் சரிந்திருக்க வேண்டும், அப்போது தஹ்ஷூரில் வேலை பாதியில் இருந்தது, அதனால் கோணத்தைக் குறைத்தார்கள் என்றார். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் காலவரிசை ஒத்துவரவில்லை.

மெய்தூம் மூன்று கட்டமாக வளர்ந்தது. முதலில் ஏழு படி, அதை மூடி எட்டுப் படி, கடைசியாகப் படிகளை நிரப்பிச் சாய்வான முகம். முதல் இரண்டும் ஸ்னெஃப்ருவின் தொடக்க ஆண்டுகளில். (அவருக்கு முந்தைய மன்னர் ஹூனி தொடங்கியது என்று சொல்வார்கள், ஆனால் அங்கே ஹூனியின் பெயர் எங்கும் கிடைக்கவில்லை.) அரண்மனையும் வேலையாட்களும் பிறகு 45 கிலோமீட்டர் வடக்கே தஹ்ஷூருக்கு நகர்ந்துவிட்டார்கள். மெய்தூம் கற்களில் வேலைக்குழுவினர் எழுதிவைத்த தேதிகளைப் பார்த்தால், மூன்றாம் கட்டம், அதாவது படியை நிரப்பும் வேலை, ஆட்சியின் பிற்பகுதியில் வருகிறது. வளைவுப் பிரமிடில் பாடம் படித்துவிட்டு, பழைய படிப் பிரமிடையும் நேரான சாய்முகம் கொண்ட உண்மைப் பிரமிடாக்கத் திரும்பி வந்திருக்கிறார்கள். அப்படியானால் விழுந்ததாகச் சொல்லப்படும் வெளிமுகம் தஹ்ஷூரில் கோணம் மாறியபோது கட்டப்படவே இல்லை.

இரண்டாவது சான்று கிழக்குப் பக்கத்துச் சிறு கோயில். எழுத்துப் பொறிக்காத இரண்டு நெடுங்கற்களோடு, கூரையும் கெடாமல் அகழ்வாய்வாளர் பெட்ரி அதை இடிபாட்டுக்கு அடியிலிருந்து எடுத்தார். அதன் சுவரில் பிற்கால மன்னர் மூன்றாம் துத்மோஸின் 41-ஆம் ஆட்சியாண்டில் வந்த ஓர் எழுத்தர் ஸ்னெஃப்ருவின் அழகிய கோயிலைப் பார்க்க வந்ததாக எழுதியிருக்கிறார். பிரமிடு கட்டி ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து. ஆக அதுவரை கோயிலுக்குள் நுழைய வழி இருந்திருக்கிறது. கட்டும்போதே சரிந்திருந்தால் கயிறு, சாரமரம், நசுங்கிய தொழிலாளர்கள் என்று ஏதாவது அடியில் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை.

இடிந்தது உண்மை, ஆனால் பிற்காலத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. கல் எடுக்க வந்தவர்கள் அடிவரியை உருவியதும் மேலே சரிந்திருக்கும். 15-ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸி ஐந்து படி என்கிறார். 18-ஆம் நூற்றாண்டில் போன பயணி நோர்டன் மூன்று படிதான் பார்த்தார்.

ஏன் இவ்வளவு எளிதாக உரிந்தது என்றால், மூன்றாம் கட்டத்தின் அடி மணல்மேல் நின்றது, உள்ளே இருந்த படிக்கட்டு உடலோ பாறைமேல். போதாததற்கு, படிகளின் வெளிமுகத்தை முன்பே வழவழப்பாக இழைத்துவிட்டிருந்தார்கள். அந்த மழமழத்த முகத்தில் புதுக்கல் ஒட்டிக்கொள்ள இடமே இல்லை. இன்று நிற்கும் கோபுரத்தில் வழவழப்பான பட்டைகளுக்கு நடுவே சொரசொரப்பான ஒரு பட்டை தெரியும். வெளியே தெரிய வேண்டிய பகுதியை மட்டும் இழைத்து, அடுத்த அடுக்கு மூடப்போகும் பகுதியைக் கரடாகவே விட்டதன் அடையாளம் அது.

பலகையில் "அடித்தரை அமுங்கி உள்ளே விரிசல் விட்டதால் சாய்வைக் குறைத்தார்கள்" என்று எழுதுங்கள். அது நிற்கும்.

அட்டைமாதிரி

மிக்க நன்றி. வாசகத்தை மாற்றிவிடுகிறேன். கொள்ளளவில் ஒரு சந்தேகம். வளைவுப் பிரமிடுக்கு 12,37,040 கன மீட்டர் என்றுதான் பல இடத்தில் பார்த்தேன். அடிமண் சொல்லும் எண்களைக் கூட்டினால் அதைவிட அதிகம் வருவது போலத் தெரிகிறதே?

நூல்குண்டு

நன்றாகக் கவனித்தீர்கள். 188 பெருக்கல் 188 பெருக்கல் 105 வகுத்தல் 3 என்று போடுங்கள், அச்சு அசலாக 12,37,040 வரும். வளைவே இல்லாத நேர்ப் பிரமிடுக்கான கணக்கு அது. கீழ்ப்பாதி செங்குத்தாக இருப்பதால் உண்மையில் வயிறு பெருத்திருக்கிறது. பிரித்துப் போட்டால் கீழ்ப்பகுதி 11.58 லட்சம், மேல்பகுதி 2.87 லட்சம், ஆக 14.45 லட்சம் கன மீட்டர்.

மெய்தூம் 6.36 லட்சம், சிவப்பு 16.94 லட்சம். மூன்றும் சேர்ந்து 37.75 லட்சம். கூஃபுவுடையது சுமார் 26 லட்சம். எகிப்தில் அதிகக் கல்லை ஏற்றிய மன்னர் மகன் அல்ல, தந்தைதான். இதைப் பலகையில் பெரிய எழுத்தில் போடுங்கள், கூஃபு பெயருக்குப் பின்னால் மறைந்துபோகிற மனிதர் இவர்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு" என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். இங்கே கவனம் வேண்டும், ஆட்சி எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்து விடை மாறும். துரின் பட்டியல் என்ற பழைய எகிப்திய மன்னர் பட்டியல் 24 ஆண்டு என்கிறது. அதன்படி விடுமுறையே இல்லாமல் நாளுக்கு 430 கன மீட்டர், ஏறத்தாழ ஆயிரம் டன். ஆனால் அந்தக் காலத்தில் ஆண்டுகளைக் கால்நடைக் கணக்கெடுப்பை வைத்துத்தான் எண்ணினார்கள். ஸ்னெஃப்ருவுக்கு 24 கணக்கெடுப்பு வரை தெரிகிறது. இரண்டாண்டுக்கு ஒன்று என்றால் 46 ஆண்டைத் தாண்டும், நாளுக்கு 225 கன மீட்டராகக் குறையும். பலெர்மோ கல்வெட்டிலோ 7-ஆம் கணக்கெடுப்பும் 8-ஆம் கணக்கெடுப்பும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வருகின்றன. எனவே எண்ணிக்கையை அப்படியே இரட்டிப்பதும் தப்பு. "நாளுக்கு 225 முதல் 430 கன மீட்டர்" என்று வரம்பாகப் போடுவதுதான் நேர்மை.

சிவப்புப் பிரமிடின் தென்மேற்கு மூலைக்கல் 15-ஆம் கணக்கெடுப்பு ஆண்டில் வைக்கப்பட்டது. அங்கே அகழ்ந்த ரைனர் ஷ்டாடெல்மன் அந்தத் தேதியை மீட்டார்.

மேற்கல்

அடக்கம் பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பிரமிடு என்பதே பெரும்பாலோர் முடிவு. 1950-ஐ ஒட்டி அங்கே மனித உடலின் சில துண்டுகள் கிடைத்தன, மன்னருடையவைதாம் என்று நிரூபிக்கப்படவில்லை. பலகையில் "பெரும்பாலும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

உள்ளே மூன்று அறை, மூன்றுக்கும் பிதுக்கு அடுக்குக் கூரை. முதல் அறை 3.65 மீட்டர் அகலம், 12.3 மீட்டர் உயரம். நீளவாட்டுச் சுவர்கள் இரண்டிலும் 11 வரி, ஒவ்வொரு வரியும் கீழ் வரியைவிட ஒரு சாண் அளவுகூட இல்லாமல், 15 செ.மீ. அளவுக்கு மட்டும் உள்ளே நீள்கிறது. மேலே போகப் போக இடைவெளி சுருங்கி மூடிக்கொள்கிறது. அதிகமாகப் பிதுக்கினால் கல் கவிழும், குறைவாகப் பிதுக்கினால் கூரை முடிய இன்னும் பல வரி வேண்டும். மேலே லட்சக்கணக்கான டன் பாரம் இருந்தும் அந்தக் கூரைகள் இன்று வரை நிற்கின்றன. வளைவுப் பிரமிடில் கற்ற எல்லாமும் இங்கே தெரிகிறது: அகலமான அடி, தொடக்கம் முதலே 43 டிகிரி, மட்டமான வரிகள்.

மாதிரிக்கு வண்ணம் பூசுவதாக இருந்தால் ஒரு விஷயம். கட்டி முடித்த கோலத்தைக் காட்டினால் மூன்றுமே வெள்ளைதான். துரா என்ற இடத்து வெள்ளைச் சுண்ணாம்புக்கல் போர்த்தியிருந்தார்கள், சிவப்புப் பிரமிடு உட்பட. அதன் வெள்ளைப் போர்வையைக் கெய்ரோ கட்டடங்களுக்கு எடுத்துப் போன பிறகுதான் உள்ளூர்க் கல்லின் செம்மை வெளியே வந்தது. இன்றைய கோலத்தைக் காட்டினால் அதற்குச் செங்காவி. வளைவுப் பிரமிடில் போர்வை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, அடியை ஒட்டிய மூலைகளில் மட்டும் அட்டையைக் கிழித்துக் கரடாக விடுங்கள். மெய்தூமுக்குத் தரையிலிருந்து 13 செ.மீ. உயரத்தில் செங்குத்தான கோபுரமும், அதன் இடுப்பு வரை சுற்றிலும் இடிபாட்டு மேடும் வையுங்கள், அதற்கு மணலில் கொஞ்சம் பசை கலந்தால் போதும்.